“மென்பொருளில் பிழை இல்லை” என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்

கீழைக்காற்று | வியாழன், இரவு 11:20

வணக்கம். கோவையில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வேண்டாம். விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மென்பொருளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடைத்தொடரில் ஒரு பில் கவுண்டரில் மூன்று மாதமாகக் கல்லாவில் பணம் குறைகிறது. மொத்தம் 18,640 ரூபாய். அந்தக் கவுண்டரில் இருக்கும் பெண்ணின் சம்பளத்தில் இரண்டு தவணை பிடித்துவிட்டார்கள். அவர் மாதம் வாங்குவது 11,500. இப்போது போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்களாம். அதற்காக எங்களிடம் ஒரு கடிதம் கேட்கிறார்கள். “உங்கள் மென்பொருளில் பில் இரட்டிப்பாக வாய்ப்பில்லை, கணக்கு சரியாகவே காட்டுகிறது” என்று எழுதித் தர வேண்டும். என் மேனேஜர் அதை என் பெயரில் தயார் செய்துவிட்டார். நாளை மாலைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

சிக்கல் என்னவென்றால், வாய்ப்பு இருக்கிறது. கடையில் நெட் போனால் பில் அந்த மெஷினிலேயே தங்கும். நெட் வந்ததும் சர்வருக்குப் போகும். சர்வர் அதைப் பதிந்துகொண்டு “வாங்கிக்கொண்டேன்” என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் 30 விநாடிக்குள் வரவில்லை என்றால் மெஷின் மறுபடி அனுப்புகிறது, அதுவும் புது வரிசை எண்ணோடு. சர்வருக்கு அது இன்னொரு பில். ஒரு முறை வாங்கிய பணத்துக்கு இரண்டு முறை கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன்பே இதற்கு ஒரு டிக்கெட் (பிழையைப் பற்றிய உள் புகார்ப் பதிவு) திறந்திருக்கிறது. “தெரிந்த பிழை, முன்னுரிமை குறைவு, தேவைப்பட்டால் கையால் ரத்து செய்யவும்” என்று மூடாமல் கிடக்கிறது. திறந்தவன் நான்.

இன்று மாலை லாக் (நடந்ததையெல்லாம் சர்வர் தானாகக் குறித்துவைக்கும் பதிவு) எடுத்து மூன்று நாள் மட்டும் பார்த்தேன். அதில் இரண்டு நாள் ஒரே பில், ஒரே பொருட்கள், ஒரே தொகை, 31 விநாடி இடைவெளியில் இரண்டு எண்ணில் இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னதற்கு, “மூணு நாளை வச்சு என்ன சொல்ல முடியும்? அவங்க எடுத்திருக்கவே முடியாதுன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?” என்றார். முடியாதுதான். ஆனால் எடுத்தார் என்றும் என்னால் சொல்ல முடியாதே. என்ன செய்வது?


செங்கல்சூளை | வியாழன், இரவு 11:41

போடாதீங்க. முதல் வேலையா மேனேஜர் சொன்னதை மெயில்ல வாங்குங்க. “நேத்து பேசினதுல இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?” என்று நீங்களே ஒரு மெயில் போட்டாலும் போதும். லாக்கை இன்னைக்கே ஒரு நகல் எடுத்து வைங்க. ஆபீஸ் சர்வருக்குள்ளேயே வைங்க, சொந்த பென்டிரைவில் எடுத்துட்டுப் போகாதீங்க. அப்புறம் அதை வச்சே உங்களைத் தூக்கிருவாங்க.


ஆறுமுகநேரி | வெள்ளி, காலை 6:55

நான் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், மென்பொருளை வாடிக்கையாளருக்குச் செய்து ஒப்படைக்கும் டெலிவரி பிரிவின் தலைமையில். எல்லோரும் “போடாதே” என்பது எளிது. கொஞ்சம் மறுபக்கமும் யோசியுங்கள்.

மென்பொருள் என்றால் பிழை இருக்கும். திறந்த டிக்கெட் இல்லாத நிறுவனம் உலகத்தில் இல்லை. கிளையன்ட் ஒரு கடிதம் கேட்கும்போதெல்லாம் பிழைப் பட்டியலை அவிழ்த்துக் காட்டினால் அடுத்த மாதம் அவர் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவார். உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்? நாற்பது, ஐம்பது? அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கல்லாக் குறைவு கடைக்காரருக்கும் அவர் ஊழியருக்கும் இடையிலான விவகாரம். யார் எடுத்தார், எடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்வது சப்போர்ட் எஞ்சினியரின் வேலை இல்லை. “எங்களுக்குத் தெரிந்தவரை மென்பொருள் வழக்கமாகச் செயல்படுகிறது” என்று பொதுவாக ஒரு வரி எழுதிக்கொடுத்துவிட்டு, உள்ளே அந்த டிக்கெட்டுக்கு முன்னுரிமை வாங்குங்கள். நடைமுறையில் இதுதான் சாத்தியம்.


லெஸ்டர்வாசி | வெள்ளி, மாலை 4:10

ஆறுமுகநேரி சார், அந்த “பொதுவாக ஒரு வரி” என்ன செய்யும் என்பதை நான் இருக்கும் நாடு இருபது வருடம் பார்த்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன அஞ்சல் நிலையங்களை நடத்துவது பெரும்பாலும் கடைக்காரர்கள்தான். ஒரு பக்கம் பால், ரொட்டி, பத்திரிகை. மறுபக்கம் அஞ்சல் கவுண்டர். நம் ஊரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் உண்டு. கல்லாவில் குறைந்தால் நடத்துபவர்தான் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். 1999இல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். செய்தது ஐ.சி.எல், பின்னாளில் ஃபுஜிட்சு. அது வந்த நாளிலிருந்து கணக்கில் துண்டு விழ ஆரம்பித்தது.

ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன் 2,000 பவுண்டு குறைகிறதே என்று உதவி எண்ணை அழைத்தார். அவர்கள் சொன்னபடி பட்டன்களை அழுத்த, கண் முன்னாலேயே அது 4,000 ஆனது. திருட்டு வழக்கில் சிறைக்குப் போகாமல் இருக்க, பொய்க்கணக்கு எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார். கிராமத்து மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். சீமா மிஸ்ராவை 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பியபோது அவர் கர்ப்பிணி. பிரிட்லிங்டனில் லீ காசில்டன் ஏறத்தாழ 25,000 பவுண்டு குறைவுக்காக நீதிமன்றம் போய்த் தோற்று, எதிர்த்தரப்பின் செலவாக 3,21,000 பவுண்டு சுமந்து திவாலானார். மொத்தம் 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

அழைத்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது.” அதே நேரத்தில் ஃபுஜிட்சுவின் சப்போர்ட் பிரிவில் “அறிந்த பிழைகள்” என்று ஒரு பட்டியல் இருந்தது. உங்கள் டிக்கெட் மாதிரியே.

2010இல் அஞ்சல் நிறுவனத்து ஆட்களும் ஃபுஜிட்சு ஆட்களும் ஒரு கூட்டம் நடத்தினார்கள். வரவும் செலவும் பொருந்தாமல் போகும் ஒரு பிழை 62 கிளைகளைப் பாதித்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று பேசினார்கள். இது வெளியே தெரிந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கலாம் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சீமா மிஸ்ராவின் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது.

கீழைக்காற்று, உங்கள் இரட்டைப் பில்லுக்கு நேர் உடன்பிறப்பும் அங்கே உண்டு. ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் 2015இல் ஒரு கிளையிலிருந்து துணைக் கிளைக்கு 8,000 பவுண்டு மாற்றினார்கள். திரை மூடவில்லை. கவுண்டரில் இருந்தவர் மறுபடி மறுபடி என்டரை அழுத்தியதில் நான்கு முறை பதிவாகி, 24,000 பவுண்டு குறைவு காட்டியது. தேடிப் பார்த்தபோது அதே பிழை ஐந்து வருடத்தில் 88 கிளைகளில் 112 முறை வந்திருந்தது.

அஞ்சல் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். ஹொரைசனில் பிழை இல்லை என்று அஞ்சல் நிறுவனம் அடம்பிடிப்பதைப் பூமி தட்டை என்று வாதிடுவதோடு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 மே மாதம் பாராளுமன்றமே சட்டம் போட்டு மற்றவர்களை விடுவிக்க வேண்டி வந்தது. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இதோடு தொடர்பு இருக்கலாம் என்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதை. காசில்டன் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் ஒருவர் சப்போர்ட் பிரிவில் இருந்த ஒரு பொறியாளர். அந்தக் கிளையின் புகார் அழைப்பைப் பார்த்தவர் என்பதுதான் அவருக்கும் அந்த வழக்குக்கும் உள்ள தொடர்பு. கீழைக்காற்று இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது.


ஆறுமுகநேரி | வெள்ளி, மாலை 5:32

விவரத்துக்கு நன்றி. ஆனால் அது அரசு சார்ந்த நிறுவனம், தானே வழக்குப் போடும் அதிகாரத்தோடு இருந்தது. இங்கே 18,640 ரூபாய். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை.


கல்லாப்பெட்டி | வெள்ளி, இரவு 9:48

18,640 ரூபாய்தான்னு சொல்றீங்க சார். மாசம் 11,500 வாங்குறவங்களுக்கு அது ஒன்றரை மாசச் சம்பளத்துக்கு மேல.

நான் திருப்பூர்ல நாலு வருஷம் பில் போட்டவ. இப்ப அக்கவுண்ட்ஸ் படிச்சு வேற வேலையில இருக்கேன். ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தி, கல்லா எண்ணும்போது கை நடுங்கும். குறைஞ்சா கையிலிருந்து வைக்கணும். கூடுனா அதையும் வாங்கிக்குவாங்க, “நாளைக்குக் குறைஞ்சா கழிச்சுக்கலாம்”னு ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தடவை 1,900 ரூபா குறைஞ்சுது. சூப்பர்வைசர் என் பைய எல்லார் முன்னாலயும் கொட்டிப் பார்த்தாரு. மதியச் சாப்பாட்டு டப்பா, மாத்திரை, பஸ் பாஸ். நான் எடுக்கலைன்னு சொன்னதுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு: “அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

எங்ககிட்ட சொல்ல எதுவுமே இருக்காதுங்க. எங்களுக்கு லாக் தெரியாது, சர்வர் தெரியாது. அந்த மெஷின் தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் உங்க மாதிரி சப்போர்ட்ல இருக்கிறவங்கதான். நீங்களும் “சரியா இருக்கு”ன்னு எழுதிட்டா எங்களுக்கு வேற யாரு?

தம்பி, ஒரு யோசனை சொல்றேன். ஸ்டாக் பாருங்க. ஒரு பொண்ணு பில் போடாம பொருளைக் கொடுத்துட்டுப் பணத்தை எடுத்தா, கணக்குல இருக்கிறதைவிட அலமாரியில பொருள் குறையும். பில் ரெண்டு தடவை பதிஞ்சிருந்தா? கணக்குல ரெண்டு தடவை கழிஞ்சிருக்கும், அலமாரியில பொருள் கூடுதலா இருக்கும். எங்க கடையில மாசக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போது எக்ஸ்ட்ரா வந்தா யாரும் கேக்கவே மாட்டாங்க, சந்தோசமா ஏத்திக்குவாங்க. குறைஞ்சாதான் சத்தம். அந்த எக்ஸ்ட்ரா பட்டியல் கடையில எங்கயாவது இருக்கும்.

இன்னொண்ணு, கார்டு, யுபிஐ பில் ரெண்டாப் பதிஞ்சா பேங்க் கணக்கோட ஒப்பிடும்போது தெரிஞ்சிரும். அதை ஆபீஸ்ல சரி பண்ணிக்குவாங்க. காசு பில்லு மட்டும்தான் கவுண்டர்ல இருக்கிறவங்க தலையில விழும்.


கீழைக்காற்று | வெள்ளி, இரவு 10:30

அக்கா, ஆறு வருடமாக இந்த மென்பொருளைப் பார்க்கிறேன், ஸ்டாக் கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யுபிஐ பற்றி நீங்கள் சொன்னதும் அப்படியே சரி. அந்த டிக்கெட்டில் “தேவைப்பட்டால் கையால் ரத்து” என்று எழுதியதே யுபிஐ பில்லுக்குப் புகார் வந்தபோதுதான். காசு பில்லுக்குப் புகார் வரவில்லை. புகார் சொல்லும் இடத்தில் யாரும் இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

இன்று கையெழுத்துப் போடவில்லை. “எல்லா நாளையும் பார்க்காமல் எழுத முடியாது, திங்கள் வரை நேரம் வேண்டும்” என்று மெயில் போட்டேன். பதில் இல்லை.


வழக்காடி | சனி, காலை 10:15

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். சில விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் சம்பளப் பிடித்தம். ஊழியரின் பொறுப்பில் இருந்த பணம் குறைந்தால் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைவுக்கு அவருடைய அலட்சியமோ தவறோ நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்கக் கூடாது. “கல்லா குறைந்தது, பிடித்தோம்” என்பது சட்டப்படி போதாது.

இரண்டாவது, கடிதம். இன்று அவர்கள் கேட்பது வெறும் கடிதம்தான், நீதிமன்றச் சான்றிதழ் அல்ல. ஆனால் புகார் வழக்கானால் அடுத்து வருவது அதுதான். கணினியிலிருந்து எடுத்த கணக்கைச் சாட்சியமாக வைக்க நம் நாட்டில் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 63ஆம் பிரிவு. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவதைக் கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர். சாதனம் முறையாக இயங்கியது, ஏதாவது கோளாறு இருந்திருந்தாலும் அது இந்தப் பதிவின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்று அந்தப் படிவமே சொல்ல வைக்கிறது. கீழைக்காற்று போன்றவர்களைத்தான் தேடி வருவார்கள். சட்டம் கேட்கும் சான்றிதழில் தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திடுவது பொய்ச்சாட்சிக்குச் சமமான குற்றம் என்று பழைய இ.பி.கோ. 197ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது.

லெஸ்டர்வாசி சொன்ன கதையோடு இதற்கு ஒரு குடும்பத் தொடர்பு உண்டு. நம்முடைய 65பி பிரிட்டனின் 1968ஆம் ஆண்டு சிவில் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அவர்கள் அதை 1995இல் கைவிட்டார்கள். குற்ற வழக்குகளுக்கு அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் 69ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கணினிக் கணக்கைக் காட்டுபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது அது. 1999இல் அதையும் நீக்க வழி செய்தார்கள். அதற்குப் பிறகு, எதிராக ஏதாவது காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஹொரைசன் நிறுவப்பட்டுக்கொண்டிருந்த அதே காலம். கோளாறைக் காட்டும் ஆவணமெல்லாம் எதிர்த்தரப்பின் கையில். கிராமத்துக் கடைக்காரர் எதை வைத்து மறுப்பார்?

நம்மிடம் அந்தச் சான்றிதழ் இன்னும் இருக்கிறது. பல நீதிமன்றங்களில் அது சடங்காகிவிட்டது. ஒரே வாசகம், ஒரே டைப், பெயரும் தேதியும் மட்டும் மாறும். கையெழுத்திடுபவர் லாக்கைத் திறந்து பார்த்தாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.


கதிர்மானி | சனி, மதியம் 1:40

மருத்துவக் கருவி மென்பொருளில் இருக்கிறேன். எங்கள் துறையில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதலில் தெராக்-25 கதையைச் சொல்வோம். கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி. 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு மிக அதிகமான கதிர் பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள்.

இந்த இழைக்குப் பொருந்தும் பகுதி டெக்சஸில் டைலர் என்ற ஊரில் நடந்தது. 1986 மார்ச்சில் ஒருவர் சிகிச்சை மேசையிலேயே துடித்தார். நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கருவி அளவுக்கு மீறிக் கொடுக்க வாய்ப்பில்லை என்றார்கள். கருவி மறுபடி ஓடியது. ஏப்ரலில் இன்னொருவர்.

பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், கருவியை இயக்கியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அன்று அடித்தபடியே திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். கதிர் வகையைத் தவறாக அடித்து, மேலே போய்த் திருத்தி, கீழே வந்து, எல்லாம் எட்டு விநாடிக்குள். “மால்ஃபங்ஷன் 54” என்ற பிழைச் செய்தி திரையில் வந்தது. நிறுவனத்துப் பொறியாளர்களால் முதலில் அதை வரவைக்க முடியவில்லை. மெதுவாக அடித்தார்கள். தினமும் அந்த வேலையைச் செய்து பழகிய கைக்குத்தான் அந்த வேகம் இருந்தது.

கல்லாப்பெட்டி அக்கா ஸ்டாக் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த ஆபரேட்டர்தான் நினைவுக்கு வந்தார். பிழையைக் கண்டுபிடிக்கும் பாதி அறிவு கருவியைப் பயன்படுத்துபவர் கையில் இருக்கிறது. நாம் அவர்களிடம் கேட்பதே இல்லை.


படித்துறை | சனி, மாலை 6:05

ஆறுமுகநேரி ஐயா சொன்ன “தீர்ப்பு என் வேலை இல்லை” என்பதில் ஒரு பாதி சரி. அந்தப் பெண் எடுத்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் “மென்பொருளில் பிழை இல்லை” என்று எழுதுவதும் தீர்ப்புத்தான். அந்தக் கவுண்டரில் சந்தேகப்பட இருப்பது இரண்டு, ஒன்று மென்பொருள், மற்றது அவர். ஒன்றை விடுவித்தால் மற்றது மாட்டும்.

நம் தொழிலுக்கு எழுதப்பட்ட நெறிமுறை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம், பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ இரண்டும் சேர்ந்து 1999இல் மென்பொருள் பொறியியலுக்கென்று ஒன்று வெளியிட்டன. எட்டுக் கோட்பாடுகள். அதில் முதலாவது பொதுமக்கள். வாடிக்கையாளரும் முதலாளியும் இரண்டாவதில்தான் வருகிறார்கள். பயனருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து உண்டு என்று தெரிந்தால் உரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏசிஎம் தன் பொது நெறிமுறையை 2018இல் புதுப்பித்தது. கல்லூரியில் ஒரு பாடமாக வைத்து, “எட்டையும் பட்டியலிடுக” என்று பத்து மார்க்குக் கேட்டு விட்டுவிடுகிறோம். இந்த இழையை அந்த வகுப்பில் வைத்துப் படிக்கலாம்.

“மேலே சொன்னார்கள், செய்தேன்” என்பது காப்பாற்றாது என்பதற்கு வோக்ஸ்வேகன். கார் சோதனையில் இருக்கிறது என்று ஸ்டியரிங் நிலை, வேகம், ஓடும் நேரம் போன்றவற்றை வைத்துக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் நிரல். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. 2015 செப்டம்பரில் வெளியே வந்தது. அடுத்த மாதமே அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால், இது நிறுவனத்தின் முடிவு இல்லை, ஒன்றிரண்டு மென்பொருள் பொறியாளர்கள் செய்தது என்றார். 2017 ஆகஸ்டில் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் அங்கே 1983 முதல் வேலை பார்த்தவர். பின்னால் மேலதிகாரிகளும் சிக்கினார்கள். ஆனால் நெருக்கடி வந்த முதல் சில வாரங்களில் யார் பக்கம் கை நீண்டது என்று பாருங்கள். கீழைக்காற்று, அந்தக் கடிதத்தில் உங்கள் மேனேஜர் பெயர் இல்லை, உங்கள் பெயர் இருக்கிறது.


ஆறுமுகநேரி | சனி, இரவு 8:20

எல்லோரும் என்னையே குறிவைக்கிறீர்கள், பரவாயில்லை. நேற்று கல்லாப்பெட்டி எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என் அம்மா கூட்டுறவு பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். கணக்கு உதைத்தால் ராத்திரி இரண்டு மணி வரை பேரேட்டைப் புரட்டுவார். பேரேட்டை அவரால் புரட்ட முடிந்தது. இந்தப் பெண்ணால் எங்கள் சர்வரைப் புரட்ட முடியாது. இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை.

பொதுவாக ஒரு வரி எழுதலாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நிறுவனம் பிழைக்க வேண்டும் என்பதில் மாறவில்லை. ஆகவே வேறு வழி சொல்கிறேன். மேனேஜரிடம் நியாயம் பேசாதீர்கள். அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். “இது வழக்கானால் எங்கள் டிக்கெட் தேதி வெளியே வரும், இரண்டு வருடம் தெரிந்தே சும்மா இருந்தோம் என்று ஆகும். இப்போதே நாமே சொல்லி, சரிசெய்து கொடுத்தால் கிளையன்ட் திட்டுவார், ஆனால் இருப்பார்” என்று சொல்லுங்கள். கடிதத்தைக் கணக்கோடு கொடுங்கள், உணர்ச்சியோடு வேண்டாம். சரிசெய்த பதிப்பு எப்போது வரும் என்ற தேதியும் அதே கடிதத்தில் இருக்கட்டும். நான் அந்த இடத்தில் இருந்தால் எனக்கு அதுதான் தேவைப்படும்.


கீழைக்காற்று | ஞாயிறு, இரவு 9:15

இரண்டு நாளும் ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அவர் கவுண்டரில் குறைவு வந்தது 11 நாள். ஏழு நாளில் இரட்டைப் பில் இருக்கிறது, எல்லாம் காசு பில். கூட்டினால் 15,210 ரூபாய். அந்த ஏழு நாளிலும் குறைந்த தொகையும் இரட்டித்த தொகையும் ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது. மீதி 3,430 ரூபாய் நான்கு நாளில். அதில் இரண்டு நாளுக்கு லாக் இருக்கிறது, இரட்டிப்பு எதுவும் இல்லை. இரண்டு நாளுக்கு லாக்கே இல்லை. 90 நாள் தாண்டினால் தானாக அழிந்துவிடும்.

அவர்கள் தயாரித்த கடிதத்துக்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“கேட்கப்பட்ட 11 நாட்களின் பதிவுகளை நான் பார்த்தேன். ஏழு நாட்களில் நெட் துண்டிப்புக்குப் பிறகு ஒரே பில் இரண்டு எண்களில் பதிவாகியிருக்கிறது. இதனால் கல்லாவில் இருக்க வேண்டிய தொகை 15,210 ரூபாய் அதிகமாகக் காட்டப்பட்டது. இது மென்பொருளின் பிழை. இரண்டு நாட்களில் இரட்டிப்பு காணப்படவில்லை. அந்த நாட்களின் குறைவுக்கான காரணம் எனக்குத் தெரியாது. இரண்டு நாட்களின் பதிவுகள் அழிந்துவிட்டதால் எதுவும் சொல்ல இயலாது. இரட்டித்த பில்களில் உள்ள பொருட்கள் கையிருப்பில் கூடுதலாக இருந்தனவா என்று கடையின் சரக்குக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.”

கடைசி வரி அக்காவுடையது. ஒரு இரட்டைப் பில்லில் 26 கிலோ பொன்னி அரிசி மூட்டையும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனும் இருக்கிறது. அவ்வளவு பெரிய பொருள் எண்ணிக்கையில் தெரியாமல் போகாது.


வழக்காடி | ஞாயிறு, இரவு 9:50

நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம். “பார்த்தேன்” என்பதற்குப் பதில் எந்தச் சர்வரின் எந்தப் பதிவு, எந்தத் தேதியில் எடுத்தது என்று குறிப்பிடுங்கள். “காரணம் எனக்குத் தெரியாது” என்ற வரியை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்து அவரை விடுவிக்க ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். பார்த்ததை மட்டும் சொன்னவர் என்பதால்தான் மற்ற ஏழு நாளுக்கும் உங்கள் சொல் நிற்கும்.


கல்லாப்பெட்டி | ஞாயிறு, இரவு 10:22

அந்த நாலு நாள் 3,430 ரூபா, அது சில்லறை மாத்துறதுல போயிருக்கும் தம்பி. கூட்டத்துல 200 ரூபா நோட்டை 500ன்னு நினைச்சு மீதி குடுத்திருவோம். நான் சொல்றது சாட்சி ஆகாது, சும்மா சொல்றேன்.


கீழைக்காற்று | அடுத்த செவ்வாய், இரவு 10:05

கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ஒன்பது நாள் ஆகிவிட்டது.

திங்கள் காலை மேனேஜரிடம் ஆறுமுகநேரி சார் சொன்னபடியே பேசினேன். டிக்கெட் தேதியைக் காட்டியதும் அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளி கத்தினார். டிக்கெட்டை ஏன் அப்போதே அழுத்திச் சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் திறந்தேன், முன்னுரிமை குறைவு என்று போட்டபோது எதிர்க்கவில்லை. காசு பில் யார் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. அது என் தவறுதான்.

கடிதம் போனது. “இது மென்பொருளின் பிழை” என்பதை “இது மென்பொருளின் செயல்பாட்டால் ஏற்பட்டது” என்று மாற்றினார்கள். சண்டை போட்டேன், அந்த ஒரு சொல்லில் தோற்றேன். எண்கள் எதையும் மாற்ற விடவில்லை. என் பெயருக்குக் கீழே மேனேஜரும் கையெழுத்திட்டார். கடையில் சரக்குக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். அரிசி மூட்டை, எண்ணெய் எல்லாம் கூடுதலில் இருந்ததாம். போலீஸ் புகார் இல்லை என்றார்கள். பிடித்த சம்பளத்தில் 15,210க்கு உட்பட்டதைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் போன வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று கடையில் சொன்னார்கள். பணத்தை எப்படிச் சேர்ப்பார்கள் என்று கேட்டேன். “வந்தா குடுப்போம்” என்றார்கள்.


கல்லாப்பெட்டி | செவ்வாய், இரவு 10:31

வரமாட்டாங்க. பை கொட்டுன இடத்துக்கு நான் திரும்பிப் போகல. அவங்க பேங்க் கணக்குலதானே சம்பளம் போட்டாங்க? அதே கணக்குல போடச் சொல்லுங்க. கடிதத்தோட ஒரு நகலும் அவங்க வீட்டு அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல கடையிலிருந்து போகணும். அடுத்த இடத்துல வேலைக்குப் போனா “ஏன் நின்னீங்க”ன்னு கேப்பாங்க, அப்ப காட்ட ஒரு காகிதம் வேணும்.


கீழைக்காற்று | செவ்வாய், இரவு 10:40

நாளை காலை முதல் வேலை அதுதான் அக்கா. கடைக்கு நானே போகிறேன்.


லெஸ்டர்வாசி | செவ்வாய், இரவு 11:15

ஒரு கேள்வி. அந்தத் தொடரில் ஒரே ஒரு கவுண்டர் மட்டுமா? உங்கள் மென்பொருள் வேறு எத்தனை கடைகளில் ஓடுகிறது? இங்கே எல்லோரிடமும் “உங்களுக்கு மட்டும்தான்” என்றார்கள்.


கீழைக்காற்று | செவ்வாய், இரவு 11:28

இந்தத் தொடரில் 14 கடை. மற்ற வாடிக்கையாளர்களையும் சேர்த்தால் 200க்கு மேல். ஒரே தொகை, ஒரே பொருள் வரிசை, 30 முதல் 40 விநாடி இடைவெளி, காசு பில் என்று தேட ஒரு வினவல் எழுதிவிட்டேன். மேனேஜரிடம் எல்லாக் கடையிலும் ஓட்ட அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் 90 நாள் அழிப்பு தினமும் நள்ளிரவு ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் போகிறது. அதை நிறுத்தி வைக்க மட்டும் இன்று மாலை ஒப்புதல் வாங்கினேன். இப்போதுதான் நிறுத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.